பனிநாட்டின் வாக்குகள்

வறுமையிற் பிறந்தவன் பதவிக்கு வந்தால் வறியோரை மறவான் என்பது மக்கள் விரும்பி நம்பும் கதைகளுள் ஒன்று. யப்பானியப் பிரதமராக இருந்த தனாக்கா ககுயெயின் வாழ்க்கையை ஆராயும்போது, அக்கதை முற்றிலும் பொய்யல்ல என்பதே எம்மைத் தொல்லைப்படுத்துகின்றது.

1918ஆம் ஆண்டில் நிகாத்தாப் பகுதியின் பனிநாட்டுக் கிராமமொன்றில் அவர் பிறந்தார். குளிர்காலத்தில் அங்கே பனி கூரையை எட்டும், பாதைகள் மறையும், ஆண்கள் கூலிவேலை தேடி நகரங்களுக்குப் போய்விடுவர். தந்தை மாடு, குதிரை வியாபாரி. கைப்பொருளைக் குதிரைகளில் இழந்தவர். வயலிற் பாடுபட்டுக் குடும்பத்தைத் தாங்கியவர் தாயே. சிறுவனுக்குத் திக்குவாய் வேறு. பதினைந்து வயதில் டோக்கியோ சென்று, பகலில் வேலையும் இரவில் தொழிற்கல்வியுமாகக் காலங் கழித்தார். கட்டட ஒப்பந்தக்காரராகிப் போர்க்காலத்திற் பணஞ் சேர்த்தார்; 1947இல் பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே, நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கும் மசோதாவை எதிர்ப்பதற்காகச் சுரங்க முதலாளிகளிடம் பணம் பெற்றாரென்று கைதானார். சிறையிலிருந்தபடியே வேட்பாளராகி 1949ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றார். பின்னர் மேன்முறையீட்டில் விடுதலையானார்.

இடதுசாரிகள் நின்று சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. நிகாத்தா, 1920களிற் குத்தகை விவசாயிகள் நிலப்பிரபுக்களை எதிர்த்துப் போராடிய மண். போருக்குப் பின் வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகைக்காரனை நிலச் சொந்தக்காரனாக்கிற்று. இனி அவனுக்கு வேண்டியவை பாதையும் பாலமும் மலையைக் குடைந்த சுரங்கவழியும். இவற்றைத் தர எதிர்க்கட்சியிடம் அரசாங்கப் பணம் இல்லை. 1962இல் நிதி அமைச்சரான தனாக்காவிடம் இருந்தது. பழைய விவசாய சங்க ஊழியர் பலர் அவருடைய ஆதரவுச் சங்கமான எற்சுசான்காயிற் சேர்ந்தனர். ஒப்பந்தம் பெற்ற கம்பனிகள் தேர்தலுக்குப் பணமும் ஆளும் தந்தன. உரிமையென்று கேட்கவேண்டியதை உபகாரமென்று வாங்கிக்கொண்டனர் மக்கள். ஆனால் பாதை உண்மையாகவே வந்தது!

1972 யூலையில், ஐம்பத்து நான்கு வயதில், அவர் பிரதமரானார். பல்கலைக்கழகம் காணாத இம்மனிதரைப் பத்திரிகைகள் கொண்டாடின. அதே ஆண்டு வெளிவந்த, தீவுகள் முழுவதையும் திருத்தியமைக்கும் அவரது திட்டநூல் நிலவிலையை ஏற்றிவிட்டது, இலாபம் ஊகவணிகருக்கே.

வீழ்ச்சி, எதிர்க்கட்சியின் பாராளுமன்ற முழக்கத்தினால் தொடங்கவில்லை. தச்சிபானா தக்காஷி என்ற எழுத்தாளர் காணிப் பதிவேடுகளையும் கம்பனிப் பதிவுகளையும் துருவி, 1974இல் ஒரு மாத சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே முதல் அடி. மாத சஞ்சிகைகளில் எழுதும் எமக்கு இதில் சிறிது பெருமை உண்டு. அவ்வாண்டு டிசம்பரில் தனாக்கா பதவி விலகினார். 1976இல் அமெரிக்க செனற் சபை விசாரணையில் லொக்ஹீட் விமானக் கம்பனியின் இலஞ்சம் அம்பலமாயிற்று. யூலையில் அவர் கைதானார். 50 கோடி யென் வாங்கியதற்காக 1983 ஒக்டோபரில் டோக்கியோ நீதிமன்றம் நான்காண்டுச் சிறையும் அதே தொகை தண்டமும் விதித்தது.

இரண்டு மாதங்களின் பின் நடந்த தேர்தலில் நிகாத்தா மக்கள் அவருக்கு 220,761 வாக்குகள் அளித்தனர். அவர்களைப் பேதைகளென்று ஒதுக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. குளிர்காலத்தில் நோயாளியைத் தோளிற் சுமந்து பனியைக் கடந்தவனுக்கு, 50 கோடி யென் தொலைவிலுள்ள கணக்கு. சுரங்கவழி வாசலிலுள்ள கணக்கு.

1985இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. மேன்முறையீடு முடியுமுன்னரே 1993 டிசம்பரில் இறந்தார். அவ்வாண்டு யூலையில் அதே தொகுதி அவருடைய மகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது.