முட்டிக்கும் சாதி உண்டு

நோய்க்குச் சாதி கிடையாது என்கிறார்கள். முட்டி நோவுக்கு உண்டு. கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் ஸ்டாப்பில் காலையில் வந்து நின்று பாருங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டப்பட்ட நம்ம பெண்கள், பஸ் மாறி மாறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். கம்பியைப் பிடிச்சு, ஒரு காலை இறக்கி, மூச்சு விட்டு, அப்புறம்தான் மறு காலை எடுத்து வைக்கிறாங்க. நாற்பது, நாற்பத்தஞ்சு வயசுதான்.

டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், மூட்டுத் தேய்மானம். எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு வீங்கி விறைத்துப்போவது. 2020-இல் உலகம் முழுக்க 59 கோடிப் பேருக்கு மேல் இது இருந்ததாகக் கணக்கு. வயசு, எடை, பழைய அடி என்று காரணம் அடுக்குவார்கள். எல்லாம் நிஜம். குந்தி எழும்புகிற வேலை, முட்டி போடுகிற வேலை, பாரம் தூக்குகிற வேலை என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அந்த வேலைகளை யார் தலையில் கட்டினார்கள் என்பதை மட்டும் பேச மாட்டார்கள். சாதி, வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிற மனுசரையே பிரித்து அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-லேயே எடுத்துக்காட்டினார். அந்த அடுக்கின் பாரமெல்லாம் அடியில் இருக்கிறவங்க முட்டியிலதான் இறங்குது.

ஒரு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். குந்தாதீங்க, படி ஏறாதீங்க, தரையில் உட்காராதீங்க என்றார். வெளியே வந்ததும் அக்கா கேட்டாங்க: "நாலு வூட்ல தரை தொடைக்கிறேன். ரெண்டு வூடு மூணாவது மாடி. லிப்ட்டுல எங்கள ஏத்த மாட்டான். இன்னா கண்ணு, டாக்டரு என்னை வேலைய வுட சொல்றாரா?" அந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் பதில் இல்லை.

பதில் தேடித்தான் டிரஸ்ட்புரம், புலியூர் பக்கம் வீட்டுவேலைப் பெண்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், ஸ்டுடியோ லைட்மேன்கள், தி.நகர் துணிக்கடைப் பெண்கள், பிசியோதெரபி படித்த நம்ம பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஒன்று சேர்ந்து வருகிறோம். லேசில் சேரவில்லை. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "வேலையே கான்ட்ராக்ட்ல ஆடிக்கினு கீது. நீ முட்டியப் பத்திப் பேசறியா?" 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்தவர்களை நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியதை நாம் பார்த்தோம். அவர் கேள்வி நியாயமானது. வேலை நிரந்தரமில்லாதவன் வலியைச் சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் வேற ஆள். அதனால் வேலை உரிமையும் முட்டியும் ஒரே கோரிக்கை என்று தீர்மானத்தின் முதல் வரியில் எழுதினோம். அதுக்கப்புறம்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

கூடினால் நடக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கோழிக்கோட்டில் விஜியும் 'பெண்கூட்டு' பெண்களும் கடைகளில் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. நாற்காலி போட்டாச்சா, அதில் உட்கார விடுறாங்களா என்று பார்க்க வேண்டியது நாம்தான். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் முழங்கால் தேய்மானத்தை 2009-இல் தொழில்நோய் என்று ஏற்றார்கள். அங்கே சுரங்கம் என்றால் இங்கே குப்பை வண்டியும் கூட்டுமாறும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்தது. பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால் அது கதவைத் தட்டும் பகல் நேரத்தில் நம்ம அக்கா வேறொருத்தர் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருக்கிறாள். தொடைத் தசைக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் வலி குறைகிறது என்பது மருத்துவம் ஒத்துக்கொண்ட விசயம். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சேரிக்கு வரட்டும். வலி மாத்திரையை வாங்கி வாங்கி முழுங்கி வயிறும் கிட்னியும் கெட்ட பிறகு வந்து பயனில்லை. ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கார்டு இருக்கு என்கிறார்கள். படுத்திருக்கிற நாளுக்குக் கூலி?

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒன்று. கோரிக்கை மனு அரசாங்கத்துக்கு மட்டுமில்லை. நீங்கள் குடியிருக்கிற மாடிவீட்டின் லிப்ட்டில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது? உங்கள் வீட்டுத் தரையைத் துடைப்பவர் நீளக்கம்பு வைத்து நின்று துடைக்கிறாரா, குந்தித் துடைக்கிறாரா? பதிலைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்கு வாங்க.