மழை நாளில் வந்த கொத்தனார்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்று பெய்த மழையைத் தென் மாவட்ட மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் 94 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. திருத்தங்கலில் உள்ள எங்கள் வீட்டின்மேல் அவ்வளவு பெய்யவில்லை. பெய்த அளவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நள்ளிரவில், படுக்கையோடு கிடந்த எங்கள் தாயாரின் கால்மாட்டில் நீர் சொட்டத் தொடங்கிற்று. கட்டிலை நகர்த்தினோம். சற்று நேரத்தில் அங்கும் சொட்டியது. விடிவதற்குள் மூன்று முறை கட்டிலை இடம் மாற்றினோம். வாளி, அண்டா, குழம்புச் சட்டி வரையில் தரையில் பரப்பி வைத்தோம். “வீட்டுக்குள்ளேயே குடை பிடிக்க வச்சிட்டீங்களேப்பா” என்று அம்மா சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களைச் சுட்டது. முந்தைய ஆண்டுதான் கூரைக்கென்று 48,000 ரூபாய் செலவிட்டிருந்தோம்.

பனி பொழியும் நாடுகளில் குளிர்காலம் வருமுன் கூரையைச் செப்பனிடுவது வழக்கம் என்பார்கள். எங்கள் பகுதிக்குப் பனிப்பொழிவு தெரியாது. எங்களுக்குக் குளிர்காலம் என்பதே அடைமழைக் காலந்தான். ஆயினும் சிவகாசி வெயிலை நம்பிப் பிழைக்கும் ஊர். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது முதல், இங்கே காய்வதற்குத்தான் மதிப்பு. தீக்குச்சி காய வேண்டும், பட்டாசு காய வேண்டும், அச்சடித்த தாளும் காய வேண்டும். ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் கூரையை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க நேரும் நாளிலோ ஊர்க் கொத்தனார்கள் எல்லாரும் வேறு எவர் வீட்டுக் கூரையிலாவது இருப்பார்கள்.

2021ஆம் ஆண்டின் பெருமழையிலேயே எங்கள் கூரை ஒழுகியது. மறு ஆண்டு கோடையில், செய்தித்தாளுக்குள் செருகி வந்த துண்டு விளம்பரத்தை நம்பி, வெளியூர் நிறுவனம் ஒன்றை அழைத்தோம். கழுத்துப்பட்டை அணிந்த இளைஞர் வந்தார். தளத்தின்மேல் வெள்ளை நிறப் பூச்சு ஒன்றைப் பூசினால் பத்தாண்டுகளுக்குக் கவலையில்லை என்றார். உறுதிப் பத்திரமும் தந்தார். முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. அடுத்த கோடைக்குள் அந்தப் பூச்சு, வெந்த உருளைக்கிழங்கின் தோலைப்போல உரிந்துவிட்டது. பத்திரத்திலிருந்த தொலைபேசி எண் இன்றுவரை மணியடிக்கவில்லை. படித்தவர்கள் என்று பெயர் பெற்ற நாங்கள், பத்திரத்தின் எழுத்தழகைப் பார்த்தோமே தவிர, அவர் இதற்குமுன் பூசிய கூரை எது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிசம்பர் மழைக்குப்பின் எங்கள் பங்கின் உபதேசியார் அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரைச் சொன்னார். சூடுபட்ட பூனையாகிய நாங்கள் உடனே சம்மதிக்கவில்லை. அவர் வேலை செய்த நான்கு வீடுகளுக்குப் போனோம். அவற்றுள் இரண்டு, ஐந்தாண்டுகளுக்கு முன் செய்த வேலைகள். புதிதாகச் செய்த வேலையை யாரும் புகழ்வார்கள். நான்கைந்து மழையைக் கண்ட கூரையைத்தான் பார்க்க வேண்டும் என்பது இழந்த பணம் எங்களுக்குக் கற்பித்த பாடம். மூன்று வீட்டார் நல்லபடியாகச் சொன்னார்கள். நான்காம் வீட்டு அம்மையார், “வேலை சுத்தம். ஆனா சொன்ன நாளுக்கு வரமாட்டார்” என்றார். குறையும் சேர்ந்து வந்ததால் எங்களுக்கு நம்பிக்கை கூடியது.

சொன்ன நாளுக்கு அவர் வரவில்லைதான். இரண்டு நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த காலையில் குடையுடன் வந்து நின்றார். “வெயில்ல வந்து பார்த்தா என்ன தெரியும் அண்ணாச்சி? ஒழுகும்போதுதான் பார்க்கணும்” என்றார். அறைக்குள் கறை படிந்த இடத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினார். கறை இருக்கும் இடத்திற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். நீர் நுழைவது ஓரிடம், கம்பியை ஒட்டி ஓடிச் சொட்டுவது வேறோரிடம் என்று அவர் விளக்கினார். கான்கிரீட் தளமும் செங்கல் கைப்பிடிச் சுவரும் கோடை வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. அவை சேருமிடத்தில் மயிரிழை போன்ற பிளவு விழுகிறது. அதன் வழியே இறங்கும் நீரால் கம்பி துருவேறிப் பருக்கிறது. பருத்த கம்பி தன்மேலுள்ள காரையைத் தள்ளிப் பெயர்க்கிறது. போதாக்குறைக்கு, வேப்பிலை அடைத்திருந்த வடிகுழாயால் மாடி முழுவதும் குளமாகியிருந்தது. எத்தனை பூச்சுப் பூசினாலும் அந்தக் குளத்தை அது சுமந்து நிற்காது.

தளம் முழுவதையும் பெயர்த்துப் போடச் சொல்வார் என்று அஞ்சியிருந்தோம். “அதெல்லாம் வேண்டாம். சுவர் ஓரத்தைக் கொத்தி, மூலையை வளைச்சுப் பூசி, இந்தப் பக்கம் மட்டும் தட்டோட்டை எடுத்து வாட்டம் கொடுத்துப் பதிச்சாப் போதும்” என்றார். நாள்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில் கணக்கெழுதினார். கூலியும் பொருளுமாக 16,000 ரூபாய். சிமெண்டு முதலியவற்றை நாங்களே வாங்கித் தரவேண்டும், கூலியை அன்றன்று மாலையில் கொடுத்தால் போதும், முன்பணம் வேண்டியதில்லை.

எங்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வீட்டின் பின்கட்டில் கல்நார்த் தகடு வேய்ந்த சமையலறை ஒன்று உண்டு. அங்கும் ஒழுகுகிறது, வந்தது வந்தீர்கள், அதன்மேலும் ஏறி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்றோம். தூறல் நிற்கவில்லை. கொத்தனார் ஏணியில் கைவைக்கவே இல்லை.

“நனைஞ்ச தகட்டுல ஏறமாட்டேன் அண்ணாச்சி. தை பிறக்கட்டும். சட்டத்துக்குக் குறுக்கே பலகை போட்டுத்தான் ஏறுவேன்.”

தயங்கி நின்றோம். அவராகவே சொன்னார். அவருடைய மைத்துனர் 2016இல் ஒரு கிட்டங்கியின் கல்நார்க் கூரையை மாற்றப் போனவர். இரண்டு சட்டங்களுக்கு இடையில் கால் வைத்த மாத்திரத்தில் தகடு உடைந்து, உள்ளே சிமெண்டுத் தரையில் விழுந்தார். இடுப்பு முறிந்தது. கிட்டங்கிக்காரர் முதல் நாள் மருத்துவச் செலவைக் கொடுத்தார். அடுத்த நாள் கேட்டைப் பூட்டிக்கொண்டார். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருந்தும், அந்த மனிதர் அதில் பதிவு செய்திருக்கவில்லை. அதன் பிறகே இவர் பதிவு செய்து அட்டை வாங்கினாராம். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“என்னைப் பத்தி நாலு வீட்டுல விசாரிச்சீங்கன்னு கேள்விப்பட்டேன். நானும் உங்களைப் பத்தி ரெண்டு பேருகிட்ட விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்” என்றார் சிரித்துக்கொண்டே.

எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்கத் துணிவில்லை. 2022 கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துத் தேக்கு அலமாரியைக் கறைப்படுத்திவிட்டார் என்று, இரண்டு நாள் கூலியை நாங்கள் பிடித்துக்கொண்டது அப்போது நினைவுக்கு வந்தது. அவர் பதில் பேசவில்லை. மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். கறையை ஈரத்துணியால் துடைத்தபோது அதே மாலையில் போய்விட்டது. கூலி மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது.

2024 தை மாதத்தில் வேலை நடந்தது. கொத்தனாரும் ஒரு சித்தாளும் ஆறு நாள் உழைத்தார்கள். சுவரோரத்தைக் கொத்தும் ஓசை கேட்டபோது, கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவரை இறக்குவதற்காகக் கூரையைப் பிரித்த அந்த நால்வரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிரித்த கூரையை மறுநாள் யார் வேய்ந்தார், கூலி யார் கொடுத்தார் என்பதை நற்செய்தியாளர் எழுதவில்லை. அம்மாவுக்கு இந்த ஐயம் மிகவும் பிடித்துவிட்டது. பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவந்தபோது அவரிடமே கேட்டுவிட்டார்கள். ஆறாம் நாள் பூச்சு இறுகியபின், கொத்தனார் வடிகுழாய்களைச் சாக்கால் அடைத்து, மாடியில் நான்கு விரற்கடை உயரத்திற்கு நீர் கட்டினார். இரண்டு இரவுகள் அது நின்றது. அறைக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கடைசி நாள் கூலியை வாங்கிக்கொண்டார்.

சமையலறைத் தகட்டின்மேல் பலகை போட்டுத்தான் ஏறினார். விரிசல் விட்ட ஒரு தகட்டை, தூசி எழாதபடி நனைத்துக் கழற்றி, உடைக்காமல் இறக்கினார்.

2024 ஐப்பசி மழையில் அம்மாவின் கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. அது பழைய துருக்கம்பி, சுவரைத் தொட்டால் செலவு மிகும், சில ஆண்டு போகட்டும் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார்.

வெள்ளையடித்தவரைத் தேடி அவர் தெருவுக்கு இருமுறை போனோம். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்தப் பகுதி என்று அங்கு எவருக்கும் தெரியவில்லை. கொத்தனாரிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.