அம்மாவுக்கு ஒரு லென்ஸ்

அப்பா போனப்ப மாலை போட நல்ல படம் இல்லை. வாக்காளர் அட்டைப் படத்தைத்தான் பெரிசாக்கினோம். அம்மாவுக்கு அப்படி ஆகக் கூடாது.

மகன் கொடுத்த கேனான் ஆர்50 கேமராவோடு வந்த லென்ஸில் தூண், கொடித்துணி, சைக்கிள் எல்லாமே அம்மா முகத்தோடு சேர்ந்து தெளிவா விழும். 85 எம்எம் நல்லதுன்னாங்க. விலையும் கூட, திண்ணையிலேர்ந்து தெருவுக்கு இறங்கி நின்னுதான் எடுக்கணும். குறுவைக்கு உரம் வாங்குற நேரம் வேற. 50 எம்எம் எஃப் 1.8 போதும்னு வாங்கினேன். இந்தக் கேமராவுக்குச் சென்சார் சின்னது, 1.6 மடங்கு கணக்குல 50ங்கிறது 80 மாதிரி. முகத்துக்கு அது சரியான அளவு.

1.8 வச்சா ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். 2.8க்கு மாத்தினேன்.

"எதுக்குடா இப்ப?"ன்னாங்க.

"சும்மாதான், சிரிம்மா."

வெத்தலைச் சிவப்போட சிரிச்சாங்க.