பேறுபலன் யாருடையது?

மழைக்காலம் தொடங்குமுன் பங்கு இல்லத்தின் அலமாரிகளை ஒழுங்குபடுத்துவது நமது வழக்கம். இவ்வாண்டு அப்பணியில் ஈடுபட்டிருந்தபோது, பங்கு பங்காக நம்முடன் பயணம் செய்து லாஸ்பேட்டை வந்து சேர்ந்த பழைய கோப்பு ஒன்றிலிருந்து, நீல மையால் எழுதப்பட்ட ஸ்பானிய மடல் ஒன்று கீழே விழுந்தது. நாமே தட்டச்சு செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் குண்டூசியால் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. குண்டூசி துருப்பிடித்திருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் அத்தாளில் நாம் செய்த பிழை, நேற்றுச் செய்தது போலவே நம்மைச் சுட்டது. அதை வாசகர்களிடம் மறைப்பதில் பயனில்லை.

அப்போது நாம் வேறொரு பங்கில் பணியாற்றி வந்தோம். அங்கே நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கி வாழ்ந்த கைம்பெண் ஒருவர், தம் ஒரே மகளைச் செவிலியர் பயிற்சியில் சேர்த்திருந்தார். கட்டணத்தில் ஒரு பகுதியை ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஏற்றிருந்தார். அந்த அம்மையாருக்குத் தம் தாய்மொழி தவிர வேறு மொழி தெரியாது. குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், முதிய ஸ்பானியக் குரு ஒருவரிடம் மாலை வேளைகளில் அம்மொழியை ஓரளவு கற்றிருந்தோம். எனவே மடல்களை நாமே ஆங்கிலத்தில் பெயர்த்துக் கோப்பில் வைப்போம். பின்னர் தாய்க்கும் மகளுக்கும் தமிழில் எடுத்துச் சொல்வோம்.

முதலாண்டு முடிவில் நாம் அந்த ஆசிரியைக்கு விரிவாக எழுதினோம். மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறியதையும், மீதிக் கட்டணம் முழுவதையும் தாய் வீட்டு வேலையாலும், இரவில் பூக்கட்டி ஈட்டிய கூலியாலும் தாமே செலுத்தி முடித்ததையும் குறிப்பிட்டிருந்தோம். மறுமொழி வந்தது. அதன் முதல் வரியில் "நோ தோய் கிரெதிதோ" என்றிருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், "படிப்பதற்கு நான் கிரெடிட் கொடுக்கவில்லை" என்பதாகும். ஒரு செய்திக்குக் கிரெடிட் கொடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினால், அதை நம்புவதற்கில்லை என்றே பொருள்படும். அடுத்த வரியில் "தியேனே முச்சோ மெரித்தோ" என்றிருந்தது. "அதில் மிகுந்த மெரிட் உண்டு" என்று பெயர்த்தோம். உதவித் திட்டம் நல்லதுதான்; ஆயினும் நீர் தந்த கணக்கை ஏற்பதற்கில்லை என்று அந்த ஆசிரியை எழுதியிருப்பதாக நாம் முடிவு செய்துவிட்டோம்.

அன்று மாலையே தாயை அழைத்து, "அம்மா, நீங்கள் சொன்ன தொகையெல்லாம் சரிதானா? அங்கே ஐயம் எழுந்திருக்கிறது" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு மஞ்சள் பையுடன் வந்து நின்றார். கட்டண இரசீதுகள், பூக்கடைக்காரர் கூலி குறித்துக் கொடுத்த சிறு நோட்டு, இவற்றோடு நமக்கு அதுவரை தெரியாத ஒரு அடகுச் சீட்டு. காதில் கிடந்ததை வைத்துத்தான் கடைசித் தவணையைக் கட்டியிருக்கிறார். "எல்லாம் இதுல இருக்கு சாமி, பாத்துக்குங்க" என்றார். அவர் காதுகளை அப்போதுதான் நாம் பார்த்தோம். துவாரங்களில் துடைப்பக் குச்சி செருகியிருந்தது.

உடனே நம் முதிய ஆசானுக்குத் தொலைபேசியில் அந்த வரிகளைப் படித்துக் காட்டினோம். அவர் முதலில் சிரித்தார். மஞ்சள் பையைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "கண்ணையே நம்ப முடியவில்லை என்று உங்கள் மக்கள் வியந்து சொல்வதில்லையா? அதுதான் இது. அந்த அம்மாள் ஐயப்படவில்லை, மலைத்துப் போயிருக்கிறார். அடுத்த வரி, அந்தத் தாய் பட்ட பாட்டைப் போற்றுகிறது" என்றார்.

நம் தவற்றின் வேர் அப்போது புலனாயிற்று. ஸ்பானியத்திலிருந்து நேரே தமிழுக்கு வந்திருந்தால், "நம்பவே முடியவில்லை! எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்!" என்று நம் வாய் தானாகவே சொல்லியிருக்கும். இடையில் ஆங்கிலத்தை நிறுத்தினோம். இரு மொழிகளிலும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொற்கள் இருக்கக் கண்டு, உருவம் ஒன்றாயின் உள்ளமும் ஒன்றே என எண்ணிவிட்டோம். உடன்பிறந்தோர் முகம் ஒத்திருப்பதால் குணமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லையே!

அதன்பின் இச்சொற்களை நாம் பொறுமையாகக் கவனித்து வருகிறோம். ஸ்பானியர் ஒரு செயலை "மெரித்தோ உடையது" என்னும்போது, பெரும்பாலும் அதன் அளவை நோக்குவதில்லை. எத்தகைய இடர்ப்பாட்டிடையே அது செய்யப்பட்டது என்பதையே நோக்குகின்றனர். ஆகவே அதை ஆங்கிலத்தில் மெரிட் என்று பெயர்ப்பது பல இடங்களில் பொருந்தாது. ஆங்கிலேயர் அவ்விடத்தில் கிரெடிட் என்பர். அதாவது, இந்நற்செயலை இவர் பெயரில் வரவு வையுங்கள் என்பர். பிறர் உழைப்பின் பெருமையைத் தட்டிக்கொள்பவரை, "மெரித்தோவைக் கொண்டுபோகிறார்" என்று ஸ்பானியர் சொல்வர். ஆங்கிலத்தில் அவர் எடுத்துக்கொள்வது கிரெடிட். வேலை நிலைக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஊதியமின்றி உழைக்கும் பயிற்சியாளருக்கு ஸ்பானியத்தில் "மெரித்தோரியோ" என்றே பெயர். கூலி இன்னும் வரவில்லை; மெரித்தோ மட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது!

கிரெடிட் என்ற சொல்லின் வேர், நம்புதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையாகும். நம் விசுவாச அறிக்கையின் இலத்தீன் முதற்சொல்லான "கிரேதோ"வும் அவ்வேரில் பிறந்ததே. கடன் கொடுப்பவன் முதலில் கொடுப்பது நம்பிக்கையைத்தான். தமிழிலும் இவ்வுண்மை மறைந்து கிடக்கிறது. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வழங்குகிறோம். நாணயமானவர் என்றால், அவர் கையில் காசு இல்லாவிடினும் கடைக்காரர் அரிசி அளந்து கொடுப்பார்.

நாம் வாழும் லாஸ்பேட்டையின் பெயரே இதற்கொரு பாடம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக விளங்கிய ஷான் லா தெ லொரிஸ்தோன் பெயரால் இவ்வூர் அமைந்தது என்பர். அவருடைய பெரிய தந்தையார் முறையினரான ஜான் லா, 1716-இல் பாரிசில் வங்கி தொடங்கிக் காகிதப் பணத்தைப் பரப்பிய ஸ்காட்லாந்துக்காரர். 1719-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அவர் அமைத்த பெருநிறுவனத்தில் இணைக்கப்பட்டது. மறு ஆண்டே, 1720-இல், மக்கள் நம்பிக்கை குலைந்தது, காகிதம் காகிதமாயிற்று. பிரான்சை விட்டு ஓடிய அவர் 1729-இல் வெனிசில் இறந்தார். நம்பிக்கையைத் தக்க ஆதாரமின்றி மிகைபட அச்சடித்ததால் வந்த கேடு அது. நாம் செய்ததோ அதற்கு நேர்மாறு. முழு ஆதாரம் உடைய ஓர் ஏழைத் தாய்க்குக் கொடுக்கவேண்டிய நம்பிக்கையைக் கொடுக்காமல், இரசீது கேட்டோம்.

திருமறை நோக்கில் இதைச் சிந்திக்கையில், கோவில் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த ஆண்டவர் நினைவுக்கு வருகிறார். செல்வர் பலர் மிகுதியாகப் போட்டதைக் கண்ட அவர், இரு செப்புக் காசுகள் போட்ட கைம்பெண்ணையே சீடர்களுக்குச் சுட்டிக்காட்டினார். அவர் அளந்தது தொகையை அன்று. கொடுத்தபின் கையில் எஞ்சியிருந்ததை. அக்கைம்பெண்ணிடம் அவர் இரசீது கேட்கவுமில்லை.

அப்படியானால் நற்செயலால் நாம் இறைவனைக் கடனாளியாக்கிவிடலாமா? திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. நம் பேறுபலன்களுக்கு முடிசூட்டும்போது இறைவன் தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்பது புனித அகுஸ்தினாரின் போதனை. 1547-ஆம் ஆண்டு திரிதெந்து பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் மொழிந்ததும் இதையொட்டியதே: இறைவனின் நன்மைத்தனம் மிகப் பெரிது, ஆகவே தாம் அருளிய கொடைகளே மனிதரின் பேறுபலன்களாக விளங்க அவர் விரும்புகிறார்.

இந்த ஆழ்ந்த போதனைக்கு ஆங்கிலத்தின் கிரெடிட்டும் போதவில்லை. ஸ்பானியத்தின் மெரித்தோவும் முழுதும் எட்டவில்லை. சிறுவயது முதல் நாம் செபத்தில் சொல்லிவரும் பேறுபலன் என்ற சொல்லோ அதை எளிதில் ஏந்தி நிற்கிறது. பெறுவதே பேறு. உழைப்பின் பயன் பலன். இவ்விரண்டையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக இணைத்து வழங்குகிறோம். மகப்பேறு என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். தாய் படும் வேதனைக்கு எல்லையில்லை. ஆயினும் பிறந்த குழந்தையைத் தன் உழைப்புக்குக் கிடைத்த கூலி என்று எந்தத் தாயும் சொல்வதில்லை. பெற்றேன் என்றே சொல்கிறாள்.

நாம் அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். மடலின் உண்மைப் பொருளையும் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது, உடனே குரலைத் தாழ்த்தி, "நீங்க கணக்கு கேட்டீங்க, குடுத்தேன். அதுக்கு எதுக்கு சாமி மன்னிப்பு? அடகுச் சீட்டு விசயம் மட்டும் பாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற போதனை குறித்து நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அன்று அதைக் கேட்பவராக அமர்ந்திருந்தோம்.

அவ்வாக்கை நாம் காத்தோம். சில ஆண்டுகளுக்கு முன் அத்தாய் இறைவனில் துயில் கொண்டார். பெட்டியில் இருந்த மஞ்சள் பையை மகளே கண்டெடுத்து, அடகுச் சீட்டைக் கையில் ஏந்தியபடி நம்மைத் தேடி வந்தார். இன்று மருத்துவமனை ஒன்றில் மூத்த செவிலியராகப் பணியாற்றும் அவர், நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு நெடுநேரம் மௌனமாக இருந்தார். இதனை எழுத இசைவு தந்தவரும் அவரே.

கோப்பை மீண்டும் அலமாரியில் வைக்குமுன், ஆங்கிலத் தட்டச்சின் கீழ் நம் கையெழுத்தில் தமிழில் ஒரு வரி எழுதிச் சேர்த்தோம்: "நம்பவே முடியவில்லை, எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்!" துருப்பிடித்த குண்டூசியை மாற்றினோம். அடுத்த முறை ஏழை ஒருவர் நம் முன் அமர்ந்து தம் கணக்கைச் சொல்லும்போது, முதலில் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் இரசீதைப் பார்க்கும் அருளை ஆண்டவர் நமக்குத் தருவாராக.