அம்மா சொன்ன ஓதம்

வேலைக்காகக் கிள்ளானிலிருந்து வந்து நாங்கள் வாங்கிய வீடு வேல்ஸில், சுவான்சி நகரத்தில், கடல்காற்று நேராக மோதும் மேட்டில் இருக்கிறது. 1950களில் கட்டியது. வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒன்று, நடுவில் 5 சென்டிமீட்டர் இடைவெளி. அதில் பஞ்சு போன்ற கனிம இழையை ஊதி அடைத்தால் குளிரும் குறையும், கேஸ் பில்லும் குறையும் என்றார்கள். அரசாங்கத் திட்டம், காசு வேண்டாம். வெயிலில் வளர்ந்தவனுக்கு இது போதாதா? வெளிச்சுவரில் வரிசையாகத் துளை போட்டு, குழாயை விட்டு ஊதி, ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் குளிர்காலம் உண்மையிலேயே இதமாக இருந்தது. இரண்டாவதில், மகனின் கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். அவனுக்கு இருமல் விடவில்லை. நிறுவனத்திலிருந்து வந்தவர் சமையலறையை எட்டிப் பார்த்தார். "ஆவி அதிகம். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையுங்கள்" என்றார்.

அப்போது அம்மா எங்களோடு தங்கியிருந்தார். இட்லி அவிக்க வேண்டாம் என்றேன். ரசம் கொதித்தாலும் முகம் சுளித்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு தம்பி, பூஞ்சணம் இந்தப் பக்கம் இருக்கு. மழை பெஞ்ச மறுநாள் தொட்டுப் பாரு, சுவரு ஓதம் ஏறியிருக்கு."

நான் கேட்கவில்லை. ஆறு மாதம் முடிந்து அவர் ஊர் திரும்பினார். வீட்டில் இட்லி இல்லை, ஆவி இல்லை. பூஞ்சணம் மட்டும் ஜன்னல் வரை ஏறியது.

பிறகுதான் பணம் கொடுத்து வேறொரு நிபுணரை அழைத்தேன். துளை வழியே மெல்லிய கேமராவை விட்டுக் காட்டினார். இழை நனைந்து, கட்டியாகிக் கீழே சரிந்திருந்தது. வெளிச்செங்கல் குடிக்கும் மழைநீர் உள்சுவரைத் தொடாமல் வடிந்துபோகத்தான் அந்த இடைவெளியாம். நாங்கள் அதை அடைத்து, தண்ணீருக்குப் பாலம் போட்டிருக்கிறோம். மழை சாய்ந்தடிக்கும் மேற்குச் சுவர், செங்கல் இடுக்குச் சாந்து வேறு உதிர்ந்திருக்கிறது. ஊதுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும் என்றார்.

செங்கல்களைப் பெயர்த்து, இழையை மூட்டை மூட்டையாக உறிஞ்சி எடுத்தார்கள். போட்டது ஒரு நாள், எடுத்தது நான்கு நாள், சுவர் காய மாதக்கணக்கு. இழப்பீட்டுக் கடிதங்கள் இன்னும் போய்வந்துகொண்டிருக்கின்றன.

கிள்ளானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"பேரனுக்கு இருமல் நின்னுச்சா?"

"குறைஞ்சிருக்கும்மா."

"இட்லிச் சட்டிய எங்க வச்ச?"

பரணில் என்றேன்.