தோண்டாத மலையும் முடியாத நிரலும்

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம் என்றதும் எல்லாருக்கும் மலை, சுரங்கம், போராட்டம் தான் ஞாபகத்துக்கு வரும். சுரங்கம் இன்னும் தோண்டவே இல்லை. ஆனால் உள்ளே வைக்க நினைத்த கருவி எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கே? கம்ப்யூட்டருக்குள்ளே!

கருவியின் பெயர் ஐகால். மொத்தம் 50,000 டன் இரும்பு. 5.6 செ.மீ தடிமனுள்ள இரும்புத் தகடுகள், நடுவில் 4 செ.மீ இடைவெளி, அதில் துகள் உணரிகள். இவ்வளவு செலவு செய்து கட்டிய பிறகு 'வேலை செய்யவில்லை' என்று சொல்ல முடியுமா? அதனால் முதலில் நிரலில் கட்டிப் பார்த்தார்கள். அதற்குக் கைகொடுத்தது ஜியன்ட் 4 என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு.

இதன் பழைய வடிவம் ஃபோர்ட்ரானில் இருந்தது. 1994-ல் செர்ன் ஆய்வகத்தில் சி++ மொழியில் புதிதாக எழுதத் தொடங்கி, 1998 டிசம்பரில் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு துகள் அடுத்து எவ்வளவு தூரம் போகும் என்று ஒவ்வொரு இயற்பியல் நிகழ்வுக்கும் பகடை உருட்டுவார்கள். எது குறைந்த தூரம் சொல்கிறதோ அது ஜெயிக்கும். அந்த இடத்தில் ஆற்றல் குறையும், திசை மாறும், சில சமயம் புதுத் துகளும் பிறக்கும். பிறகு மறுபடி பகடை. இப்படி லட்சக்கணக்கான துகள்கள்.

சரி, எழுதி முடித்தாயிற்றே, அப்புறம் என்ன வேலை? அங்கேதான் விஷயமே இருக்கிறது. 2013 டிசம்பரில் வந்த 10.0 பதிப்பில் ஒரே நேரத்தில் பல இழைகளில் ஓடும் வசதி வந்தது. கருவியின் வடிவமைப்பை எல்லா இழைகளும் பகிர்ந்துகொள்வதால் நினைவகம் மிச்சம். ஆனால் அதே பதிப்பில் சில பழைய இயற்பியல் மாதிரிகளை நீக்கியும் விட்டார்கள். பதிப்பு மாறினால் விடையும் கொஞ்சம் மாறலாம். பாதி ஆராய்ச்சியில் இருக்கும் மாணவர் புதுப்பிப்பதா வேண்டாமா? புதுப்பித்தால் பழைய கணக்கையெல்லாம் திரும்பப் போட வேண்டும். விட்டால் தெரிந்த பிழையோடு வாழ வேண்டும். எந்தப் பதிப்பு என்று கட்டுரையில் குறிப்பிடுவது இதனால்தான்.

நிரல் சொல்வது சரியா என்று எப்படித் தெரியும்? மதுரையில் 85 டன்னில் ஒரு குட்டி ஐகால் இருக்கிறது. வானத்திலிருந்து வரும் மியூவான்கள் அதற்குள் வளைந்து போகும் பாதையை நிரலின் விடையோடு ஒப்பிடுகிறார்கள். இரும்பு சொல்வதைத்தான் கடைசியில் நம்ப வேண்டும்.

கருவி வேலை செய்யுமா என்பதற்கு நிரல் பதில் சொல்லும். மலையைத் தோண்டலாமா என்பதற்குச் சொல்லாது. புலிகளின் வழித்தடம் அதன் கணக்கிலேயே இல்லை. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

அதற்காக உழைப்பு வீணாகிவிடவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் கதிர்வீச்சு எவ்வளவு, எங்கே போய்ச் சேர்கிறது என்று கணக்கிடவும் இதே தொகுப்புதான். கிருமாம்பாக்கத்தில் பொறியியல் கல்லூரியும் உண்டு, மருத்துவக் கல்லூரியும் உண்டு. இரண்டு பக்கத்து மாணவர்களும் இதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிழை கண்டால் பத்து வரி உதாரணத்தோடு எழுதி அனுப்புங்கள். அதுவும் பங்களிப்புதான் :)