பதினெட்டு வளைவில் மங்கிய விளக்கு

மலைநாட்டிலிருந்து கிழக்கே சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களுக்குக் கண்டி–மஹியங்கனை வீதியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டியிலிருந்து சுமார் 70 கிலோமீற்றர். திகன தாண்டித் தெல்தெனியவை நெருங்கும்போது விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். 1980-களில் அணை கட்டி நீர் நிரப்பியபோது பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் போய்விட்டது. அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய, உடதும்பற என்று ஏறி, பிறகு 'பதினெட்டு வளைவு' என்று எல்லோரும் அழைக்கும் இறக்கத்தில் ஹசலக்க சமவெளிக்கு இறங்க வேண்டும். பகலில் அந்த வளைவுகளில் நின்று கீழே பார்த்தால் வயலும் காடுமாக மகாவலிப் பிரதேசம் விரிந்து கிடக்கும். நான் உங்களை அழைத்துப் போவதோ, வெளிச்சம் போன பிறகு.

2024 ஆகஸ்ட் மாதம் அது. காத்தான்குடியில் இருக்கும் எங்கள் சாச்சிக்குச் சுகமில்லை என்று தகவல் வந்தது. உம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. தங்கையைப் பார்க்காமல் ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். குடும்பத்தில் அன்று ஒரு வலீமா விருந்து. அதை முடித்துக்கொண்டு அக்குறணையிலிருந்து புறப்படும்போது அஸர் ஆகிவிட்டது.

எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990-களின் நடுப்பகுதியில் ஜப்பானில் செய்யப்பட்டது. வாப்பா வைத்துவிட்டுப் போன வாகனம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்கான கார்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய காரைத் தட்டித் தட்டி ஓட்டிய வீடுகள் எத்தனை! எங்கள் வீடும் அதில் ஒன்று. 2022-இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் கார் அசையாமல் நின்றதில் பற்றரி செத்துப்போனது. அது நியாயம்தான். பற்றரி நீண்டநாள் மின்னேற்றமின்றிக் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து மீளாமல் போகும். புதிய பற்றரி போட்டோம். குறைகளோ போகவில்லை.

என்ன குறைகள்? ஏசி போதிய அளவு குளிராது. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது வெறும் காற்று வரும், நெடுவீதியில் ஓடினால் சற்றுக் குளிரும். பின் ஜன்னல் ஒன்று பாதியில் நிற்கும். என் மனைவியின் காலடியில், இடப்பக்க முன் இருக்கைக்குக் கீழே, கார்ப்பட் எப்போதும் நனைந்திருக்கும். மழைத் தண்ணீர் என்றே நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். ஆனால் மழை பெய்யாத மாதத்திலும் நனைந்தது!

இன்னொன்றையும் அவர்தான் கவனித்தார். "ஜன்னல் ஏறுற நேரமெல்லாம் இந்த மீற்றர் வெளிச்சம் மங்குது, பாத்தீங்களா?" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பார். வாகனம் ஓட்டுகிறவன் வீதியைப் பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவரோ வாகனத்தையே பார்க்கிறார். நான் "சரி, சரி" என்றேன். கராஜுக்குப் போய்ச் சொன்னது மட்டும் "கரண்ட் பத்தவில்லை" என்ற ஒரு வார்த்தை. அவர்கள் இன்னொரு பற்றரியை மாற்றினார்கள், டைனமோவைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள், ஏசிக்கு வாயு அடித்தார்கள். ஏசி வாயு பெற்றோல் போல எரிந்து தீர்கிற பொருளல்ல, சகோதரிகளே. அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். கசிவைத் தேடாமல் ஆண்டுதோறும் வாயு அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

உடதும்பற தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. முன் விளக்கைப் போட்டேன், வைப்பரைப் போட்டேன். முதலாவது வளைவில் பிரேக்கை மிதித்ததும் முன் விளக்கு மண்ணெண்ணெய் விளக்கைப் போல மஞ்சளாகிவிட்டது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், எதிரே ஏறி வரும் பஸ். பின்னால் உம்மா சத்தமில்லாமல் இருந்தார்.

"ஏசிய நிப்பாட்டுங்க. காத்தாடியையும் நிப்பாட்டுங்க. வெளிச்சம் கூடும்" என்றார் மனைவி. நிறுத்தினேன். விளக்கு சற்றுத் தெளிந்தது. கண்ணாடிகளைத் திறந்துவிட்டு, முதலாம் இரண்டாம் கியர்களில், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்து இறங்கினோம். அந்த ஹோர்னும் ஆட்டுக்குட்டி கத்துவது போலத்தான் கேட்டது. மஃரிப் நேரம் கடந்து ஹசலக்கவை அடைந்தபோது என் சட்டை முழுதும் வியர்வை.

வீதியோரத்தில் ஒரு சிறிய கராஜ். மூடப்போன நேரம். சிங்கள பாஸ் ஒருவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். காத்தான்குடிக்கு என்றதும் தலையை ஆட்டினார். மஹா ஓயாப் பாதையில் இரவில் யானை நிற்கும், இந்த வெளிச்சத்தில் போகவே கூடாது என்றார். பிறகு, கராஜில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "எது எது போடும்போது எது எது மங்குகிறது?"

பதில் சொன்னவர் என் மனைவி. ஜன்னல், மீற்றர் வெளிச்சம், ஏற்றத்தில் குளிராத ஏசி, காலடித் தண்ணீர், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நஹ்வும் ஸர்பும் கற்பிக்கும் நான் அருகில் நின்று சிங்களத்தில் மொழிபெயர்த்தேன்.

பாஸ் ஒரு வோல்ற் மீற்றரை எடுத்தார். இயந்திரம் நின்ற நிலையில் பற்றரி 12.6 வோல்ற், நிறைந்த பற்றரிக்குரிய அளவு. இயந்திரம் ஓடும்போது 14 வோல்ற். ஆகவே டைனமோவும் சுகம். காசு கொட்டிய இரண்டும் குற்றமற்றவை! அடுத்து, விளக்குகளைப் போடச் சொல்லி, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் கழித்தல் முனையிலும் மற்றதைக் காரின் உடலிலும் வைத்தார். ஏறக்குறைய பூச்சியமாக இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ற் காட்டியது.

பற்றரியிலிருந்து புறப்படும் மின்சாரம் விளக்குக்குப் போய்த் திரும்பவும் பற்றரிக்கு வந்து சேர வேண்டும். போவதற்கு வயர் உண்டு. திரும்பி வர, காரின் இரும்பு உடலையே பாதையாக்கியிருக்கிறார்கள். அந்த உடலைப் பற்றரியுடன் இணைக்கும் வயரைத்தான் 'எர்த்' என்கிறோம். எங்கள் காரில் அந்த வயரின் முனை பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது. ஸ்டாட்டருக்கு இயந்திரத்துடன் வேறொரு தடித்த எர்த் இருந்ததால் கார் மட்டும் நன்றாக ஸ்டாட் ஆகும். விளக்கு, ஹோர்ன், வைப்பர், ஜன்னல், ஏசியின் முன்பக்கக் காற்றாடி எல்லாம் ஒடுங்கிய ஒரே வழியில் நெருக்கியடித்தன. முன்பக்கக் காற்றாடி சோர்ந்ததால்தான் ஏற்றத்தில் ஏசி குளிரவில்லை.

பாஸ் ஒரு தடித்த வயரை எடுத்துக் கழித்தல் முனையிலிருந்து உடலுக்குச் சும்மா தொட்டுக் காட்டினார். எதிர்ச்சுவர் முழுதும் வெள்ளை வெளிச்சம்! உம்மா காருக்குள்ளிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றது வெளியே கேட்டது.

புதிய வயர் போட்டு, இரும்பை அரத்தாளால் பளபளவெனத் தேய்த்து முடுக்கினார். பற்றரி முனைகளில் பூத்திருந்த வெண்பச்சைத் தூளைச் சுடுநீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவினார். காய்ந்தபின் கொஞ்சம் கிறீஸ். வீட்டில் இதைச் செய்வதானால் பற்றரி மூடிகள் நன்றாக இறுகியிருக்கட்டும், சோடா நீர் உள்ளே போகக் கூடாது. கழித்தல் வயரை முதலில் கழற்றி, பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாவி உடலில் பட்டுப் பொறி பறக்கும். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வருவதால் பக்கத்தில் தீக்குச்சியும் ஆகாது.

பியூஸ் பெட்டியைத் திறந்தபோது, ஒரு நீல நிறப் பியூஸில் சிகரட் ஈயத்தாள் சுற்றியிருப்பதைக் கண்டார். நீலம் என்றால் 15 அம்பியர். அதற்கு மேல் போனால் பியூஸ் உருக வேண்டும், ஈயத்தாள் சுற்றினால் பியூஸுக்குப் பதிலாக வயர் உருகும், கார் எரியும். யார் செய்த வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காலடித் தண்ணீருக்கு மட்டும் மறுநாள்தான் பதில் கிடைத்தது. ஏசி காற்றிலிருந்து பிரிக்கும் ஈரம் ஒரு சிறு குழாய் வழியே காருக்குக் கீழே சொட்ட வேண்டும். அந்தக் குழாய் இலைத்தூளாலும் தூசியாலும் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே, இடப்பக்கக் காலடியில் வழியும். பாஸ் சொன்னபடி சாச்சியின் மகன் கீழே படுத்து மெல்லிய குழாயால் ஊதியதும் ஒரு கோப்பை கறுத்த நீர் கொட்டியது. கார்ப்பட்டைப் புரட்டினால், அங்கும் ஒரு எர்த் ஆணி துருப்பிடித்திருந்தது. ஜன்னலின் நோய் அதுதான். உங்கள் காலடியில் நீர் கண்டால் தொட்டுப் பாருங்கள். நிறமும் மணமும் இல்லாவிட்டால் ஏசி நீர். இனித்த மணத்துடன் பிசுபிசுத்தால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஹசலக்கவிலிருந்து புறப்படும்போது இரவு எட்டரை. உம்மாவின் இன்சுலினை பிளாஸ்கில், பனிக்கட்டியில் படாமல் துணியில் சுற்றி வைத்திருந்தோம். அதை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டார். பதியத்தலாவை, மஹா ஓயா. மஹா ஓயாவுக்கு அப்பால் வீதியோரத்தில் ஒற்றை யானை நின்றது. தூரத்திலேயே தெரிந்ததால் வாகனத்தை நிறுத்தி, அது காட்டுக்குள் போகும்வரை காத்திருந்தோம். யாரும் பேசவில்லை. செங்கலடி தாண்டி, காத்தான்குடிக்கு வந்தபோது நள்ளிரவு. சாச்சி விழித்திருந்தார்.

திரும்பி வரும்போது பகல். பதினெட்டு வளைவில் ஏறுகையில் மனைவி காலணியைக் கழற்றிவிட்டுக் காய்ந்த கார்ப்பட்டில் காலை வைத்திருந்தார். பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "மகன், குளிருது. கொஞ்சம் குறைங்க."